எத்தனை மாடி?

நூற்றாண்டு நினைவாக எழவிருக்கும் வகுப்பறைக் கட்டடம் எத்தனை மாடி என்பதே இவ்வாண்டு எமது சங்கக் கூட்டங்களில் அதிக நேரத்தை எடுத்துக்கொண்ட கேள்வி. “மூன்று மாடி” என்பதில் நிலத்தளமும் அடங்குமா என்பதிலேயே ஒரு மாலை முழுவதும் கழிந்தது. இக்கட்டுரையில் நிலத்தளத்தையும் சேர்த்தே எண்ணுகிறோம்.

இலங்கைக்கு இக்கேள்வி புதிதல்ல. துட்டகைமுனு அநுராதபுரத்தில் பிக்குகளுக்கெனக் கட்டிய லோவமகாபாய ஒன்பது மாடிகள் கொண்டதென மகாவம்சம் கூறுகிறது. அவனுக்குப்பின் ஆண்ட தம்பி சத்தாதிஸ்ஸனின் காலத்தில் ஒரு விளக்கிலிருந்து பற்றிய தீ அதை அழித்தது. மீளக் கட்டியபோது அவன் ஏழு மாடியுடன் நிறுத்திக்கொண்டான். இன்று அங்கே எஞ்சி நிற்பவை ஏறத்தாழ 1600 கற்றூண்கள். தீ பழங்கால ஆபத்து மட்டுமல்ல. 2004 ஜூலை 16இல் கும்பகோணத்தில் ஒரு பாடசாலை தீப்பற்றியபோது மேல்மாடியிலிருந்து இறங்க ஒடுங்கிய படிக்கட்டே இருந்தது. 94 பிள்ளைகள் மாண்டனர்.

எம்முள் வைத்தியர்களாக இருப்போருக்கு இவ்விடயத்தில் முதலில் நினைவுக்கு வருபவர் புளோரன்ஸ் நைற்றிங்கேல். வைத்தியசாலைகள் பற்றி 1859இல் வெளியிட்ட நூலில், நோயாளர் விடுதிகள் இரண்டு மாடிக்கு மேற்படலாகாது என்று அவர் வாதிட்டார். கட்டடம் உயர உயர அடுத்த கட்டடத்தின் வெளிச்சத்தையும் காற்றையும் மறைக்கும். ஆதலால் இரண்டுக்கும் இடையே உயரத்தின் இருமடங்கு தூரமாவது விடவேண்டும் என்றார். கீழிருந்து மேலேறும் “கெட்ட காற்று” நோயைத் தரும் என்ற அவரது விளக்கத்தைக் கிருமியியல் பின்னர் தள்ளிவிட்டது. ஆனால் எதிரெதிர் யன்னல்களால் காற்று ஊடறுத்துச் செல்லவேண்டும் என்ற அவரது விதி பிழைக்கவில்லை. காசநோய்க்கும் கொவிட்டுக்கும் அதையே நாமும் சொன்னோம். இரு பக்கமும் விறாந்தை வைத்த எமது பழைய மண்டபத்தில் மின்விசிறி இல்லாமலே பரீட்சை எழுதியவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

உயரம் பற்றிய எண்ணத்தை மாற்றியது மின்தூக்கியின் முன்னோடி. 1857இல் நியூயோர்க்கின் ஐந்து மாடிக் கடையொன்றில் எலிசா ஓட்டிஸ் பயணிகளுக்கான தூக்கியைப் பொருத்தினார். அதுவரை மேல்மாடி என்றால் ஏழைகளுக்கு விடும் மலிந்த வாடகை அறை. பின்னர் அதுவே விலை கூடிய இடமாயிற்று. இதைக் காட்டித்தான் வெளிநாட்டுக் கிளைகள் சில நான்கு மாடி கேட்கின்றன. “லிப்ற் ஒன்று போட்டால் முடிந்ததுதானே?” என்கிறார்கள்.

முடியாது. 1990இன் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லாமற் படித்தவர்கள் நாம். மேல்மாடிக்குத் தண்ணீர் வாளியில் ஏறியது. விமானச் சத்தம் கேட்டதும் மேல்வகுப்புப் பிள்ளைகளே பதுங்குகுழிக்குக் கடைசியாக வந்து சேர்ந்தார்கள். அது யுத்தகாலம் என்பீர்கள். 2022 மார்ச் கடைசியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு இருந்ததே!

அப்படியானால் சாய்தளப் பாதை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கு 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும், கட்டடங்களில் அவர்கள் நடமாடும் வசதிக்கு 2006ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளும் உண்டு. கணக்கைப் பாருங்கள். ஒரு அடி உயர 12 அடி நீளம் வேண்டும். தளத்துக்குத் தளம் மூன்றரை மீற்றர் என்றால் ஒரு மாடி ஏற 42 மீற்றர் பாதை. மூன்று மாடிக் கட்டடத்தில் உச்சிக்கு 84, நான்கு மாடியில் 126. இடையிடையே இளைப்பாறும் தட்டுகள் வேறு. எறிகணையிலும் மிதிவெடியிலும் கால் இழந்தவர்கள் எமது தலைமுறையில் உண்டு. ஆய்வுகூடம் மேலே இருந்ததால் விஞ்ஞானப் பிரிவை விட்டுக் கலைப்பிரிவுக்குப் போனவர் ஒருவர் எம் வகுப்பிலேயே இருந்தார். அவருக்குப் புள்ளிகள் போதாமல் இல்லை.

ஆகவே எமது கருத்து இரண்டு மாடி. ஆய்வுகூடம், நூலகம், நோயாளர் அறை ஆகியன கீழே இருக்கட்டும். சாய்தளப் பாதையும் எதிரெதிர் முனைகளில் இரண்டு படிக்கட்டுகளும் வேண்டும். இதற்கும் விலை உண்டு. கட்டடம் நீளும், வலைப்பந்தாட்டத் திடலைத் தின்னும். அத்திடலுக்கு 30.5 மீற்றர் நீளமும் 15.25 மீற்றர் அகலமும் வேண்டும். பழைய சைக்கிள் கொட்டகைப் பக்கமாகக் கட்டடத்தைத் திருப்பினால் திடல் தப்பும் என்று அளந்து பார்த்தோம். எதிர்கால மாடிக்கென்று தூண் கம்பிகளை வானத்துக்கு நீட்டிவிட்டுத் துருப்பிடிக்க விடும் ஊர்வழக்கம் மட்டும் வேண்டாம்.

நிலத்தின் சொல்லையும் கேட்கவேண்டும். யாழ்ப்பாணத்து மண்ணின் கீழிருப்பது சுண்ணாம்புக்கல். நீர் அதைக் கரைத்துக் குடைந்திருக்கும். நிலாவரைக் கிணறு அதற்கு யாவரும் அறிந்த சான்று. டிசெம்பர் விடுமுறையில் துளையிட்டுப் பார்க்கவேண்டும் என்று கேட்டிருக்கிறோம். அதன் அறிக்கை வந்தபின் பொதுக்கூட்டத்தில் வாக்கெடுப்பு. அதற்குமுன் கிளைகள் தமது கருத்தை எழுத்தில் அனுப்பட்டும், நிலத்தளத்தையும் சேர்த்து எண்ணி.