திருவண்ணாமலையில் வணங்கும் மரபும் கால் நீட்டா ஒழுக்கமும்

ஒருவரை வணங்கும் முறையும் பெரியோர் முன் அமரும் முறையும் எல்லாச் சமூகங்களிலும் மரியாதையின் அடையாளங்களாக விளங்குகின்றன. தமிழர் மரபில் இவ்விரண்டிலும் காலைப் பற்றிய விதிகள் முக்கியமானவை. அவ்விதிகளின் பொருளையும் எல்லையையும் அறியத் திருவண்ணாமலையின் வரலாறு உதவுகின்றது.

கோயில் மரபு

சைவ நூல்கள் ஆடவர்க்கு அட்டாங்க வணக்கத்தையும் பெண்டிர்க்குப் பஞ்சாங்க வணக்கத்தையும் விதிக்கின்றன. தலை, இரு கைகள், இரு செவிகள், மோவாய், இரு புயங்கள் ஆகிய எட்டு உறுப்புகளும் நிலத்தில் படுவது அட்டாங்கம். தலை, இரு கைகள், இரு முழந்தாள்கள் ஆகிய ஐந்தும் படுவது பஞ்சாங்கம். கொடிமரத்துக்கு அப்பால் சந்நிதிக்குள் விழுந்து வணங்குதல் மரபன்று. கிழக்கிலும் வடக்கிலும் கால் நீட்டி வணங்கலாகாது. அண்ணாமலையார் சந்நிதி கிழக்கு நோக்கியது; ஆகவே அங்கு வடக்கே தலை வைத்து வணங்குவது முறையாகும்.

சுமார் 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையில் பலர் செருப்பின்றி நடப்பதும் இம்மரபைச் சார்ந்ததே. மலையையே இலிங்கமாகக் கருதுவதே அதற்குக் காரணம்.

வீட்டு மரபு

பெரியோர் எதிரில் கால் நீட்டி அமர்வதைத் தமிழ்க் குடும்பங்கள் கண்டிப்பது வழக்கம். தவறுதலாக ஒருவர்மீது கால் பட்டுவிட்டால், அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வர்.

மலாய் மக்களிடமும் இதையொத்த ஒழுக்கம் உண்டு. அவர்கள் பெரியோரை நோக்கிக் கால் நீட்டுவதில்லை. அமர்ந்திருப்போரைக் கடக்கும்போது உடலைச் சற்று வளைத்து வலக்கையைத் தாழ்த்திச் செல்வர். 'சலாம்' செய்கையில் எதிரில் இருப்பவரின் கைகளை மெல்லத் தொட்டு, தம் கையை மார்பில் வைப்பர். மலேசியத் தமிழர்களுக்கு இவ்வழக்கங்கள் பழக்கமானவை.

ரமணாசிரமத்தில் எழுந்த கேள்வி

ரமண மகரிசி 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலைக்கு வந்தார். 1950 ஏப்ரல் 14 அன்று மறையும் வரை அங்கேயே வாழ்ந்தார். அவரைக் காண வந்தோர் விழுந்து வணங்கினர். உடல் நிலத்தில் படுவதைவிட அகந்தை அடங்குவதே உண்மையான வணக்கம் என்பது அவர் கருத்து. தம் பாதங்களைத் தொட்டு வணங்குவதை அவர் ஊக்குவிக்கவில்லை.

1945 முதல் ஆசிரம நிகழ்வுகளைத் தெலுங்கில் கடிதங்களாக எழுதிய சூரி நாகம்மா, கால் நீட்டல் பற்றிய ஒரு நிகழ்வைப் பதிவு செய்துள்ளார். தரையில் அமர்ந்து பழகாத மேலைநாட்டார் கூடத்தில் கால் நீட்டி அமர்ந்தனர். அன்பர் ஒருவர் அது மரியாதை அன்று என்று கூறிக் காலை மடக்கச் சொன்னார். அதைக் கவனித்த ரமணர், அவ்வாறாயின் அவர்களை நோக்கித் தாம் கால் நீட்டியிருப்பதும் மரியாதைக் குறைவே என்று கூறித் தம் கால்களை மடக்கிக்கொண்டார். மூட்டுவலியால் அவர் கால் நீட்டி அமர்வது வழக்கம். அன்பர்கள் வருந்தி வேண்டியும், எல்லார்க்கும் உரிய விதி தமக்கும் உண்டு என்றே கருதினார்.

அப்போது அவர் ஔவையார், நாமதேவர் கதைகளை நினைவூட்டினார். நாமதேவர் கதையில், விசோபா கேசரர் இலிங்கத்தின்மேல் கால் வைத்துப் படுத்திருக்கிறார். அக்கால்களை எங்கு மாற்றி வைத்தாலும் அங்கெல்லாம் இலிங்கம் தோன்றுகிறது. கடவுள் இல்லாத திசை எது என்பதே இத்தகைய கதைகள் எழுப்பும் கேள்வியாகும்.

வரலாற்றுப் பொருள்

கோயில் விதி திசையைப் பார்த்தது. வீட்டு விதி வயதைப் பார்த்தது. இரண்டிலும் தாழ்ந்தவர் உயர்ந்தவர்க்குக் காட்டும் பணிவே அடிப்படை. ரமணர் அவ்விதியை ஒதுக்கவில்லை. மாறாக, வணங்கப்படுபவரையும் அது கட்டுப்படுத்தும் எனக் காட்டினார். மரபு அறியாத விருந்தினரை வெட்கப்படச் செய்வதும் மரியாதைக் குறைவே என்பது இந்நிகழ்விலிருந்து பெறப்படும் கருத்தாகும். உலகெங்கும் இருந்து மக்கள் வந்து கூடும் இன்றைய திருவண்ணாமலைக்கும் இது பொருந்தும்.