'மெலடி'ன்னா மெதுவான பாட்டா? எலப்புள்ளியும் பண்ணைப்புரமும் தரும் விளக்கம்

உங்கள் போனில் 'மெலடி ஹிட்ஸ்' என்று ஒரு பிளேலிஸ்ட் இருக்கலாம். அதில் குத்துப்பாட்டு ஒன்றுகூட இருக்காது. தமிழில் மெலடி என்றால் மெதுவான, இதமான பாட்டு என்று ஆகிவிட்டது. ஆனால் குத்துப்பாட்டுக்கும் மெலடி உண்டு. ஒன்றன்பின் ஒன்றாக வரும் சுரங்களின் கோர்வைதான் மெலடி. நம்ம ஊர்ச் சொல்லில் 'மெட்டு'. பல சுரங்கள் ஒரே நேரத்தில் ஒலிக்கும்போது அவற்றுக்குள் உருவாகும் உறவுக்குப் பெயர் ஹார்மனி.

இரண்டையும் புரிந்துகொள்ள கேரள எல்லையில் இரண்டு ஊர்கள் போதும். ஒன்று, எம்.எஸ்.விஸ்வநாதன் 1928-ல் பிறந்த பாலக்காடு மாவட்டம் எலப்புள்ளி. இன்னொன்று இளையராஜாவின் பண்ணைப்புரம். அது தேனி மாவட்டம்தான், ஆனால் மேற்கே மலையைத் தாண்டினால் இடுக்கி. அவருடைய அண்ணன் பாவலர் வரதராசன் 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடியது அந்த மலையில்தான்.

முதலில் மெட்டு

தமிழ்த்தாய் வாழ்த்து உங்களுக்கு மனப்பாடம். மெட்டு எம்.எஸ்.வி., ராகம் மோகனம். (எழுதிய மனோன்மணீயம் சுந்தரனார் பிறந்தது ஆலப்புழையில். நம் மாநிலப் பாடலில் கேரளத்தின் பங்கு கொஞ்சம் அதிகம்தான்.)

போனில் ஏதாவது ஒரு பியானோ ஆப்பைத் திறங்க. கறுப்புக் கட்டைகள் இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து நிற்கும். மூன்று நிற்கும் கூட்டத்தின் முதல் கட்டையை 'ச' என்று வைத்துக்கொண்டு, வலப்பக்கமாக ஐந்து கறுப்புக் கட்டைகளை வரிசையாக அழுத்துங்கள். ச ரி க ப த. இது மோகனத்தின் ஆரோகணம், அதாவது ஏறுவரிசை. அப்படியே இறங்கினால் அவரோகணம். எந்தக் கட்டையை 'ச' என்கிறோமோ அதுதான் ஆதார சுருதி. அதை மாற்றினால் ராகமே மாறும். இரண்டு நிற்கும் கூட்டத்தின் முதல் கட்டையை 'ச' ஆக்கினால் அதே ஐந்து கட்டைகள் சுத்த சாவேரி!

ராகமும் மெட்டும் ஒன்றில்லை. எந்தச் சுரம் வரலாம், எப்படி வரலாம் என்ற விதி ராகம். அந்த விதிக்குள் ஒருவர் போட்டுக்கொண்ட பாதை மெட்டு.

ஒரே நேரத்தில் அழுத்தினால்?

மோகனத்தின் ச, க, ப மூன்றையும் இப்போது சேர்த்து அழுத்துங்கள். இது ஒரு கார்டு, மேஜர் வகை. 'ச' 240 ஹெர்ட்ஸ் என்றால் இயற்கையான 'க' 300, 'ப' 360. விகிதம் 4:5:6. காதுக்கு இது இனிப்பதற்கு இந்தச் சின்ன எண்களும் ஒரு காரணம். அடுத்து 'ப'வை விட்டுவிட்டு, 'ச'வுக்கு இடப்பக்கம் உள்ள கறுப்புக் கட்டையை (கீழ் 'த') ச, க இரண்டோடும் சேர்த்து அழுத்துங்கள். சட்டென்று ஒரு சோகம் வரும். இது மைனர்.

மேலே 'க' மாறவே இல்லை. கீழே துணைக்கு வந்தவர்கள் மாறியதும் அதன் பொருள் மாறிவிட்டது. ஹார்மனி செய்கிற வேலையே இதுதான்.

எம்.எஸ்.வி.யின் 'அதிசய ராகம்' (அபூர்வ ராகங்கள், 1975) எனக்கு இதற்கெல்லாம் பிடித்த உதாரணம். பாட்டு மஹதி ராகத்தில் தொடங்கும். அதில் நான்கே சுரங்கள், ச க ப நி. யேசுதாஸ் அவற்றை ஒவ்வொன்றாகப் பாடும்போது அது மெட்டு. அதே நான்கையும் ஒரு கிட்டாரிஸ்ட் ஒன்றாக மீட்டினால் மேற்கத்திய இசையின் 'டாமினன்ட் செவன்த்' கார்டு. அங்கே அது நிம்மதியில்லாத கார்டு. 'ம'வை அடித்தளமாகக் கொண்ட கார்டுக்குப் போய்ச் சேரத் துடிக்கும். மஹதியில் 'ம'வே கிடையாது!

அப்படியானால் பாலக்காட்டுக் கச்சேரிகளில் கார்டு ஏன் இல்லை? 'நம்ம இசையில் ஹார்மனி இல்லை, அது ஒரு குறை' என்று ஆபீஸ் டீ டைமில் யாராவது சொல்லியிருப்பார்கள். செம்பை வைத்தியநாத பாகவதரோ பாலக்காடு கே.வி.நாராயணசாமியோ பாடுவதைக் கேட்டுப் பாருங்கள். அவர்களின் சுரம் ஓர் இடத்தில் நிற்பதில்லை. அசையும், வழுக்கும், பக்கத்துச் சுரத்தைத் தொட்டுத் திரும்பும். இதுதான் கமகம். கார்டு அமைய ஒவ்வொரு சுரமும் ஓரிடத்தில் நிற்க வேண்டும். ஆடுகிற சுரத்துக்குக் கீழே நிற்கிற சுரங்களை அடுக்கினால் இரண்டும் முட்டிக்கொள்ளும். அதனால் இதைக் குறை என்று சொல்ல மாட்டேன். எதை விட்டு எதை வளர்ப்பது என்ற தேர்வு இது.

இந்த மோதலில் அடிபட்டது ஆர்மோனியம். கட்டைகளுக்கு இடையே வழுக்க முடியாத வாத்தியம் என்பது அதன் மீதான முக்கியக் குற்றச்சாட்டு. 1940 முதல் சுமார் முப்பது ஆண்டுகள் அகில இந்திய வானொலி அதை ஒதுக்கி வைத்தது. எம்.எஸ்.வி. மெட்டமைத்த வாத்தியமும் அதுதான்.

இளையராஜா சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றவர். 'என் கண்மணி' (சிட்டுக்குருவி, 1978) பாட்டை ஹெட்போனில் கேளுங்கள். எஸ்.பி.பி.யும் பி.சுசீலாவும் இரண்டு தனித்தனி மெட்டுகளை ஒரே நேரத்தில் பாடுவார்கள். பெயர் கவுண்டர்பாயின்ட். கார்டில் சுரங்கள் செங்குத்தாக அடுக்கப்படும்; இங்கே முழு மெட்டுகளே பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன.

சட்டத்துக்கும் இதே கேள்வி

1957 பதிப்புரிமைச் சட்டம் இசைப் படைப்பை இப்படித்தான் வரையறுத்தது: மெலடியும் ஹார்மனியும் சேர்ந்தது அல்லது இரண்டில் ஒன்று, அது அச்சிலோ எழுத்திலோ இருக்க வேண்டும். வாயால் பாடிச் சொல்லிக்கொடுக்கும் மரபுக்கு அதில் இடம் குறுகல். 1977-ல் உச்ச நீதிமன்றத்தில் இதைச் சுட்டிக்காட்டிய நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர், பாடுபவரின் கலைக்கு உரிமை இல்லாதது இந்திய இயல்புக்கு ஒவ்வாதது என்று எழுதினார். அவரும் பாலக்காட்டுக்காரர். 1994 திருத்தம் அந்த 'எழுத்தில்' நிபந்தனையை நீக்கியது. பாடகர்களுக்கும் வாத்தியக்காரர்களுக்கும் தனி உரிமை வந்ததும் அப்போதுதான்.