விசைவிரல்

மடக்கிய விரல் நீட்ட வராமல் சிக்கி, பிறகு 'டக்'கென்று விடுபடும் கைநோய் விசைவிரல். மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர் இதை 'ட்ரிகர் ஃபிங்கர்' என்றே சொல்கிறார்கள். மோதிர விரலிலும் கட்டைவிரலிலும் அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்.

பிரெஞ்சு மருத்துவர் அல்ஃபோன்ஸ் நோட்டா 1850இல் இதை விவரித்தார். தசைநாணில் தடவினால் தட்டுப்படும் முடிச்சைக் கண்டு அதையே காரணமாகக் கொண்டார். அது இன்றும் நோட்டா முடிச்சு எனப்படுகிறது. உண்மையில் முடிச்சு விளைவுதான். விரலடியில் தசைநாணை எலும்போடு அணைத்துப் பிடிக்கும் ஏ1 என்னும் வளையம் தடித்து இறுகுவதே மூலம். 1980இல் மருத்துவர் குவினல் நோயைத் தரம் பிரித்தார்: இயல்பான அசைவு 0, தடுமாறும் அசைவு 1, சிக்கினாலும் தானே நீட்ட முடிவது 2, மறுகையால் நீட்ட வேண்டியது 3, மடங்கியே நின்றுவிடுவது 4. சிகிச்சைத் தேர்வுக்கு இந்த வரிசை இன்றும் போதுமானது.

மலேசியாவில் இந்நோயை இனிப்பு நீர் எனப்படும் நீரிழிவிலிருந்து பிரித்துப் பேச முடியாது. வாழ்நாளில் நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு வருவது, இனிப்பு நீர் உள்ளவர்களில் பத்துப் பேர் வரை வருகிறது. 2019 தேசிய சுகாதார ஆய்வில் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், இந்தியரிடையே 31.4.

தொடக்க நிலையில் சில வாரங்கள் விரலுக்குத் தாங்குபட்டை கட்டலாம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றோர் செய்யும் உருட்டு (மசாஜ்) பேர்பெற்றது. கைவலிக்கு இதமாகலாம், இறுகிய வளையத்தை அது தளர்த்தாது. ஸ்டீராய்டு ஊசியே முதல் சிகிச்சை. பாதிக்கு மேற்பட்டோர் ஒரே ஊசியில் தேறுகிறார்கள். இனிப்பு நீர் உள்ளவர்களுக்குப் பலன் குறைவு. சில நாள் இரத்தச் சர்க்கரையும் ஏறும். இரண்டு ஊசிக்கு மேல் காத்திருப்பதில் பொருளில்லை.

அடுத்தது அறுவை. உள்ளங்கையில் சிறிதாகக் கீறி வளையத்தை வெட்டிவிட்டால் சிக்கல் தீரும். விரலை அன்றே அசைக்கலாம். தோலைத் திறக்காமல் வெட்டும் முறையை 1958இல் மருத்துவர் லார்த்தியுவார் வெளியிட்டார். கட்டைவிரலில் நரம்பு வளையத்தை ஒட்டிக் குறுக்கே ஓடுவதால் அங்கே திறந்த அறுவையே பாதுகாப்பு.

இப்போது அரசு கிளினிக்கில் குடிமக்கள் 1 ரிங்கிட் கட்டி, கோலாலம்பூர் மருத்துவமனைக்கோ கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமாவுக்கோ பரிந்துரைக் கடிதம் பெறலாம். அறுவைக்கு விரலடியை மரத்துப்போகச் செய்தாலே போதும், முழு மயக்கம் தேவையில்லை.