உபாத்தியாயரின் தேகமும் முதுமையும்

பனியன் கம்பெனிகள் தோன்றுவதற்கு முன்னர், திருப்பூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் எழுத்தறிவித்த திண்ணைப்பள்ளி உபாத்தியாயர், விடியல் முதல் அந்தி வரை பிள்ளைகளோடிருந்தும், மணலில் விரல்பிடித்து எழுதவைக்கும் பணியை மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை பகிர்ந்துகொண்டமையால் சற்றே இளைப்பாறினார். ஆனால், தானியமும் நவராத்திரிக் காணிக்கையுமே ஜீவனமாயிருந்த அவருக்கு, கை நடுங்கும் வயதிலும் பள்ளியை விட்டு எழ வழியில்லை.

திருப்பூரில் 1903-ல் பிறந்த தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார், 1930-ல் இராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கிப் பின்னர் பெரியநாயக்கன்பாளையத்தில் நிலைபெறச் செய்து, ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் வாழும் குருகுல தர்மத்தை அங்கே பேணினார். கைத்தொழில் வழியே கற்பிக்க 1937-ல் வார்தாவில் உருவான ஆதாரக் கல்வியை, 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராயிருந்தபோது அவர் ஊக்குவித்தார். பருத்தியில் கொட்டை நீக்கி, பஞ்சு கொட்டி, பட்டை போட்டு, தக்ளி சுழற்றி நூற்பதும், மண்வெட்டியெடுத்துத் தோட்டங் கொத்துவதும் அக்கல்வியில் மாணவனுக்கு மட்டுமன்றி ஆசிரியருக்கும் அன்றாடக் கடமைகள். மறுபுறம், 1920-ல் சென்னையில் ஹாரி குரோ பக் நிறுவிய தேகப்பயிற்சிக் கல்லூரி நாட்டுக்குப் பேருபகாரம் செய்ததெனினும், பள்ளிகளில் தேகப்பயிற்சி டிரில் மாஸ்டர் ஒருவருக்கே உரிய காரியமாகி, ஏனையோர் நாற்காலியிலும் வருகைப் பதிவேட்டிலும் ஒடுங்கினர். ஆதாரக் கல்வியோ எல்லா ஆசிரியரையும் குனியவும் நிமிரவும் வைத்தது; அது மங்கியதில் ஆசிரியர்களின் ஆரோக்கியமும் நஷ்டப்பட்டது என்பது என் துணிபு.

எனினும் உழைப்பு மட்டும் முதுமையைக் காவாது. காமராஜர் ஆட்சியில் 1955-ல் சேமநிதி, ஓய்வூதியம், ஆயுள் காப்புறுதி ஆகிய மூன்றும் உதவிபெறும் பள்ளி ஆசிரியர்க்கும் கிட்டியபோதுதான், திண்ணை உபாத்தியாயர் அறியாத நிம்மதியான ஓய்வு அவர் வழிவந்தோர்க்கு வாய்த்தது.

பின்னர் திருப்பூரில் பனியன் தொழில் பெருகிற்று. தையற்காரர் அருகே துணி மடித்துக்கொடுக்கும் கைமடி வேலைக்குப் போய்விட்ட பிள்ளையைத் தேடித் தெருத்தெருவாய் நடந்து, இரவு ஷிப்ட் முடிந்து உறங்கும் தாயை எழுப்பி, கெஞ்சிப் பள்ளிக்கு அழைத்துவந்த ஆசிரியர்கள் இங்கே உண்டு. அவ்வளவு நடையும் தேகப்பயிற்சியாகாது. மனத்தை இளைக்கவைக்கும் நடை அது. இன்றோ ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைக்க வந்தோரின் பிள்ளைகளுக்குப் புதிய மொழியில் முதலெழுத்தைக் கற்பிக்கும் சிரமமும் ஆசிரியர்களுடையது. இச்சிரமத்தைச் சுமக்கும் காலமும் நீண்டது: தமிழகத்தில் 58-ஆயிருந்த ஓய்வு வயது 2020-ல் 59 ஆகவும், 2021-ல் 60 ஆகவும் உயர்ந்தது. அதற்கு முன்பே, 2003 ஏப்ரல் முதல் ஆசிரியர் உள்ளிட்ட அரசுப் பணியேற்றோரைப் பழைய ஓய்வூதியத்தினின்றும் விலக்கிப் பங்களிப்புத் திட்டத்தில் சேர்த்தனர்.