பக்தாதின் சதுரங்கப் பலகை

சென்ற பெருநாள் விடுமுறையில் எங்கள் இல்லத்தில் ஒரு சிறு பூசல் எழுந்தது. என் பேரன் ஒரு பழைய வீடியோ விளையாட்டுக் கருவியை விலைக்கு வாங்கி வந்து, தொலைக்காட்சிப் பெட்டியில் இணைத்து, அதில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தான். "படிக்க வேண்டிய வயதில் இது என்ன வீண் வேலை? தூக்கி எறி" என்று என் மகன் சினந்தான். பையன் என்னிடம் ஓடி வந்தான். "அப்பா, நீங்களே சொல்லுங்கள், இது வீண் வேலையா?" என்று கேட்டான். பாட்டனாரை அப்பா என்றழைப்பது எங்கள் ஊர் வழக்கம்.

உடனே விடை கூற என்னால் இயலவில்லை. அறுபது ஆண்டுகளுக்கு முன் இதே வீட்டில் இதே கேள்வி எழுந்ததுண்டு. என் மூத்த காக்கா திண்ணையில் அமர்ந்து சதுரங்கம் ஆடுவதில் வல்லவர். ஆட்டத்தின் மயக்கத்தில் இரண்டு நாள் அஸருக்குப் பள்ளி செல்லத் தவறினார். மூன்றாம் நாள் எங்கள் வாப்பா காய்கள் அனைத்தையும் அள்ளி அடுப்பில் போட்டுவிட்டார்கள். அதன் பின் காக்கா பலகையைத் தொட்டதில்லை. வாப்பா செய்தது சரியா, காக்கா இழந்தது பெரிதா என்பது இன்றளவும் என் உள்ளத்தில் தீராத வழக்கு. பேரனின் கேள்வி அதனைக் கிளறிவிட்டது. எனவே வரலாற்றின் ஏடுகளைப் புரட்டினேன். கண்டவற்றை வாசகர்கள் முன் வைக்கின்றேன்.

சதுரங்கம் பாரதத்தில் பிறந்த ஆட்டம். தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நாற்படையே அப்பெயருக்குக் காரணம். கி.பி. 6, 7ஆம் நூற்றாண்டுகளில் அது பாரசீகம் சென்று 'சத்ரங்' ஆயிற்று. பாரசீகம் முஸ்லிம்களின் ஆட்சிக்கு வந்தபின் அரபு நாவில் 'ஷத்ரஞ்ச்' ஆயிற்று. அரசனைக் குறிக்கும் 'ஷாஹ்' என்னும் பாரசீகச் சொல்லும், அரசன் வீழ்ந்தான் என்பதைக் குறிக்கும் 'ஷாஹ் மாத்' என்னும் தொடரும் அங்கிருந்தே உலகெங்கும் பரவின. ஆங்கிலேயர் 'செக்மேட்' என்று கூறும்போது, தம்மை அறியாமலே அந்தப் பாரசீகத் தொடரைத்தான் உச்சரிக்கின்றனர். ஸ்பானியர் இந்த ஆட்டத்தை 'அஹெத்ரேத்' என்பர். அது அரபுச் சொல்லின் மருவே.

அன்றைய ஆட்டம் இன்றையதைவிட மெதுவானது. இன்று ராணி நிற்குமிடத்தில் அன்று 'ஃபிர்ஸான்' என்னும் அமைச்சர் நின்றார். மூலைவாட்டில் ஒரே ஒரு கட்டம் நகர்வதே அவருடைய ஆற்றல். இன்று பிஷப் நிற்குமிடத்தில் 'ஃபீல்' எனப்படும் யானை நின்றது. அது மூலைவாட்டில் இரண்டாம் கட்டத்திற்குத் தாவும், அவ்வளவே. காய்களின் வலிமை குறைவு. ஆதலால் ஆடுவோர் பொறுமையோடு நெடுந்தொலைவு எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது.

அப்பாஸிய கலீஃபாக்களின் பக்தாதில்தான் இந்த ஆட்டம் ஒரு கல்வியாக மலர்ந்தது. 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்அத்லீ என்பார் ஷத்ரஞ்ச் பற்றித் தனி நூல் ஒன்றை இயற்றினார். கலீஃபா முதவக்கிலின் முன்னிலையில் அவரை அர்ராஸீ என்னும் மற்றொரு வல்லுநர் வென்றார். (இவர் புகழ்பெற்ற மருத்துவ மேதை ராஸீ அல்லர்.) இவ்வல்லுநர்கள் ஆடி மகிழ்ந்ததோடு நின்றுவிடவில்லை. ஆட்டக்காரர்களைத் தரம் பிரித்தனர். ஆட்டத்தின் தொடக்கத்தில் படையை நிறுத்தும் முறைகளுக்குத் தனித்தனிப் பெயரிட்டனர். ஆட்டத்தின் முடிவில் எழும் சிக்கல்களை 'மன்ஸூபாத்' என்னும் புதிர்களாகத் தொகுத்தனர். தாம் கண்டதைப் பிறரும் சோதித்துப் பார்க்குமாறு எழுதி வைத்தனர்.

இவர்களுள் தலைசிறந்தவர் அபூபக்ர் முஹம்மத் இப்னு யஹ்யா அஸ்ஸூலீ. இவர் வெறும் ஆட்டக்காரர் அல்லர். வரலாற்றாசிரியர், கவிஞர்களின் திவான்களைத் தொகுத்தளித்தவர், பின்னாளில் கலீஃபாவான அர்ராளீயின் ஆசிரியர். கலீஃபா முக்தஃபீயின் அவையில் அல்மாவர்தீ என்பாரே சதுரங்கத்தில் முதல்வராகத் திகழ்ந்தார். 'மாவர்த்' என்றால் பன்னீர் என்று பொருள். அஸ்ஸூலீ அவரோடு ஆடியபோது, கலீஃபா பழகிய பாசத்தால் மாவர்தீயையே வெளிப்படையாக ஊக்கினார். அஸ்ஸூலீ தொடக்கத்தில் சற்றே தடுமாறினார். பின்னர்த் தெளிந்து, ஐயத்திற்கு இடமின்றி வென்றார். உம்முடைய பன்னீரின் மணம் மாறிவிட்டதே என்னும் கருத்துப்பட, கலீஃபா தம் பழைய நண்பரையே கேலி செய்ததாக மஸ்ஊதீ எழுதியுள்ளார்.

அஸ்ஸூலீ விட்டுச் சென்ற புதிர்களுள் ஒன்றை இன்று 'ஸூலீயின் வைரம்' என்கின்றனர். பலகையில் நான்கே காய்கள்: இரண்டு அரசர்கள், இரண்டு அமைச்சர்கள். தம்மிடம் கற்றவரையன்றி வேறெவரும் இதனை விடுவித்ததில்லை என்னும் பொருள்பட அவர் எழுதினார். அது வீண் பெருமையன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அப்புதிர் விடையின்றிக் கிடந்தது. 1980களில்தான் சோவியத் நாட்டின் கிராண்ட்மாஸ்டர் யூரி அவெர்பாக் அதற்கு விடை கண்டார். அஸ்ஸூலீயோ அர்ராளீ மறைந்த பின் ஆதரவிழந்து, கி.பி. 946இல் பஸ்ராவில் வறுமையில் காலமானார். அரசவையின் தயவு அவரைக் கைவிட்டது. எழுதிவைத்த ஏடு கைவிடவில்லை.

13ஆம் நூற்றாண்டில் இப்னு கல்லிகான் தம் புகழ்பெற்ற வாழ்க்கை வரலாற்றுத் தொகுப்பில், சதுரங்கத்தைக் கண்டுபிடித்தவரே அஸ்ஸூலீ என்று மக்கள் எண்ணுவதாகவும், அது தவறென்றும் எழுதும் அளவிற்கு அவர் புகழ் நிலைத்திருந்தது. முதற் கட்டத்திற்கு ஒரு கோதுமை மணி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்து நான்கு என்று பரிசு கேட்ட அறிஞரின் கதையையும் அங்கேதான் அவர் கூறுகின்றார். 64 கட்டங்களுக்குமாகச் சேரும் மணிகள் 1,84,46,74,40,73,70,95,51,615. இதனை முதலில் அவர் நம்பவில்லை. இஸ்கந்தரிய்யாவைச் சேர்ந்த கணக்கர் ஒருவர் கணக்கிட்டு எழுதிக் காட்டிய பின்பே ஏற்றுக்கொண்டார்.

இனி, வாப்பாவின் பக்கத்திற்கு வருவோம். மார்க்க அறிஞர்கள் இவ்வாட்டத்தைப் பற்றி ஒரே கருத்துக் கொண்டவர்கள் அல்லர். ஹனஃபீ, மாலிகீ, ஹன்பலீ மத்ஹபுகளின் அறிஞர்களுள் பெரும்பாலோர் இதனை விலக்கினர். நம் கடற்கரை ஊர்களில் பலரும் பின்பற்றும் ஷாஃபியீ மத்ஹபின் நூல்கள் இதனை மக்ரூஹ் என்றன. பந்தயம் கட்டினாலோ, தொழுகை தவறினாலோ, நாவு தீய சொற்களில் வீழ்ந்தாலோ ஹராம் என்றன. தீர்ப்புக் கூறுவது என் வேலையன்று. ஆனால் ஒன்று புலனாகின்றது. அவ்வறிஞர்கள் பலகையை மட்டும் நோக்கவில்லை. அதன்முன் அமர்ந்த மனிதனின் பொருளையும் பொழுதையும் நாவையும் நோக்கினர். வாப்பாவின் சினம் காய்களின் மீதன்று, தவறிய அஸரின் மீதே என்பது எனக்கு இப்போதுதான் விளங்கிற்று.

ஆட்டத்தில் உச்சியைத் தொட்ட ஒருவரே அதனைப் பற்றி என்ன எண்ணினார் என்பதும் அறியத்தக்கது. பஞ்சாபின் மிட்டா திவானாவில் பிறந்தவர் மீர் சுல்தான் கான். நம் நாட்டு முறைச் சதுரங்கம் கற்றவர். அம்முறையில் காலாள் முதல் நகர்வில் இரண்டு கட்டம் செல்ல இயலாது. 1929இல் தம் புரவலர் சர் உமர் ஹயாத் கானுடன் லண்டன் சென்றார். மேல்நாட்டு முறை அவருக்குப் புதிது. அதுபற்றிய ஆங்கில நூல்களைப் படிக்கும் வாய்ப்பும் இல்லை. ஆயினும் சில மாதங்களுக்குள் பிரிட்டிஷ் சாம்பியன் பட்டம் வென்றார். 1932, 1933 ஆண்டுகளிலும் அதனை வென்றார். முன்னாள் உலகச் சாம்பியன் கபபிளாங்காவையே ஹேஸ்டிங்ஸ் போட்டியில் தோற்கடித்தார். பின்னர்த் தாயகம் திரும்பி, நிலத்தை உழுது வாழ்ந்து, 1966இல் மறைந்தார். தம் மக்களுக்கு அவர் சதுரங்கப் பயிற்சி அளிக்கவில்லை. வாழ்வில் இதைவிடப் பயனுள்ளதைச் செய்யுங்கள் என்றே கூறிவந்தாராம். 2024இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கிற்று. அதைப் பெற்றுக்கொள்ள அவர் இல்லை.

பேரனின் கருவிக்குள்ளும் ஒரு வரலாறு உண்டு. அட்டாரி நிறுவனத்தின் அக்கருவி 1977இல் வெளிவந்தது. 1979இல் அதற்கெனச் சதுரங்க ஆட்டம் ஒன்று செய்யப்பட்டது. அக்கருவியின் நினைவகம் வெறும் 128 பைட். அதாவது, 128 ஆங்கில எழுத்துகளுக்கு மேல் அது ஒரே வேளையில் நினைவில் வைக்க இயலாது. அவ்வளவு சிறிய இடத்தில் 64 கட்டங்களையும் அடக்கி, அடுத்த நகர்வையும் எண்ண வேண்டும். எண்ணும்போது படம் காட்டவும் அதற்குத் திறனில்லை; திரையில் வண்ணங்கள் மாறி மாறி மின்னும். கடினமான நிலைகளில் ஒரு நகர்வுக்கு மணிக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். நான்கே காய்களில் ஆயிரம் ஆண்டுப் புதிரை அடக்கிய பக்தாது அறிஞரை அது எனக்கு நினைவூட்டிற்று.

இவற்றையெல்லாம் மகனிடமும் பேரனிடமும் எடுத்துரைத்தேன். பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். கருவியை எறிய வேண்டாம். ஆனால் நாளொன்றுக்கு ஓர் ஆட்டமே. பாங்கு சொன்னால் ஆட்டம் அத்துடன் நின்றுவிடும். தோற்ற ஒவ்வோர் ஆட்டத்திற்கும், ஏன் தோற்றேன் என்று ஒரு குறிப்பேட்டில் எழுத வேண்டும். மகன் அரைமனத்தோடு இசைந்தான். பையனின் முதற் குறிப்பு இது: "குதிரையை வெட்ட அவசரப்பட்டேன். பின்னால் அரசன் தனியாக நின்றதைப் பார்க்கவில்லை."

மறுவாரம் அவனை அழைத்துக்கொண்டு காக்கா வீட்டிற்குச் சென்றேன். பையன் கையில் ஒரு மரப் பலகை இருந்தது. காக்கா நெடுநேரம் அதனைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பின்பு நடுங்கும் விரலால் ஒரு காலாளை எடுத்து ஒரு கட்டம் முன்னே வைத்தார்கள். "முதல் தடவை இரண்டு கட்டம் போகலாம்" என்றான் பையன். "எங்கள் காலத்தில் ஒன்றுதான் வாப்பா" என்றார்கள் காக்கா.

ஆட்டம் பாதி நடக்கையில் அஸருக்குப் பாங்கு ஒலித்தது. முதலில் எழுந்தவர்கள் காக்காதான். காய்கள் நின்றபடியே நிற்கட்டும் என்று கூறிவிட்டு, பையனின் தோளைப் பற்றியவாறு பள்ளியை நோக்கி நடந்தார்கள்.