லிபர்டேரியன்: கைமாறிய சொல்

லிபர்டேரியன் என்ற சொல்லுக்கு அரசியல் பொருள் கொடுத்தவர் பேராசிரியரும் அல்ல, பொருளாதார நிபுணரும் அல்ல. சுவருக்கு வண்ணக் காகிதம் ஒட்டிப் பிழைத்த ஒரு பாரிஸ் தொழிலாளி. பெயர் ஜோசப் தெஜாக், பிறப்பு 1821. 1848 புரட்சியில் கலந்துகொண்டு சிறை சென்றவர். 1851இல் வெளியிட்ட கவிதைத் தொகுப்புக்காக இரண்டாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டதும் லண்டனுக்குத் தப்பி, அங்கிருந்து ஜெர்சி தீவு, பிறகு அமெரிக்கா என்று அலைந்தார்.

அதற்கு முன்பே ஆங்கிலத்தில் இந்தச் சொல் உண்டு. 1789இல் வில்லியம் பெல்ஷம் அதை எழுதியிருக்கிறார். ஆனால் அது தத்துவ வகுப்பறைச் சொல். எல்லாம் விதிப்படியே நடக்கிறது என்பவருக்கு எதிராக, மனிதனுக்குத் தன்விருப்பம் உண்டு என்று வாதிடுபவரை அது குறித்தது. அரசுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

தெஜாக்கின் சொல், பிரெஞ்சில் ‘லிபர்தேர்’, ஒரு சண்டையில் பிறந்தது. அதுவும் பெண்களைப் பற்றிய சண்டை. அனார்க்கிஸ்ட் என்ற வசைச் சொல்லை 1840இல் தனக்குத்தானே சூட்டிக்கொண்டவர் பிரெஞ்சுச் சிந்தனையாளர் புரூதோன். அரசே வேண்டாம் என்ற அந்த மனிதர், வீட்டுக்குள் மட்டும் கணவன் ஆட்சி நிலைக்க வேண்டும் என்றார். பெண்ணுக்கு அறிவு குறைவு என்று வாதிட்டார். ஜென்னி தெரிக்கூர் என்ற பெண் எழுத்தாளர் மறுத்து எழுத, புரூதோன் ஏளனமாகப் பதில் சொன்னார். அப்போது நியூ ஆர்லியன்ஸில் இருந்த தெஜாக், 1857 மே மாதம் புரூதோனுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். நீர் அரைகுறை அனார்க்கிஸ்ட், லிபரல்தான், லிபர்தேர் அல்ல என்பது அதில் குற்றச்சாட்டு. பிரெஞ்சில் பாட்டாளியைக் குறிக்கும் ‘ப்ரொலெத்தேர்’ எந்த விகுதியில் முடிகிறதோ அதே விகுதியைச் சுதந்திரத்தின் பகுதியோடு ஒட்டிவிட்டார். ஒட்டு வேலை தெரிந்தவர்தானே.

எழுதிய இடத்தையும் கவனிக்க வேண்டும். நியூ ஆர்லியன்ஸ் அன்று அமெரிக்காவின் மிகப் பெரிய அடிமைச் சந்தை. மனிதனை ஏலம் போட்டு, பத்திரம் எழுதி, சட்டப்படி சொத்தாக்கிக்கொண்டிருந்த ஊர் அது. அங்கே உட்கார்ந்துகொண்டு, அரசன் போனால் போதும், மற்ற எஜமானர்கள் இருக்கட்டும் என்று சொல்ல தெஜாக்கால் முடியவில்லை. கணவன், பாதிரி, முதலாளி, தோட்டத்துரை என எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தினார்.

அடுத்த ஆண்டு நியூயார்க்கில் ‘லெ லிபர்தேர்’ என்ற பிரெஞ்சு இதழைத் தொடங்கினார். 1858 ஜூன் முதல் 1861 பிப்ரவரி வரை 27 இதழ்கள் வந்தன. பெரும்பகுதியை அவரே எழுதினார். ஆயிரம் ஆண்டு கழித்து, 2858இல் உலகம் எப்படியிருக்கும் என்ற கற்பனை அதில் தொடராக வந்தது. அரசு இல்லை, கோயில் இல்லை, தனிச்சொத்து இல்லை. அவரவர் ஈடுபாட்டுக்கேற்ற வேலை. இரண்டு பேருக்குள் தகராறு வந்தால் யார் தீர்ப்பது என்று கேட்டால் மட்டும் தெஜாக்கிடம் உருப்படியான பதில் கிடையாது. ஆசைகள் தாமே இசைந்துபோகும் என்று நம்பினார்.

சொல் அவரோடு சாகவில்லை. 1890களின் நடுவில் பிரான்ஸ் அனார்க்கிஸ்ட் பிரசாரத்துக்கே சட்டம் போட்டுத் தடை விதித்தபின், அனார்க்கிஸ்ட் என்று சொல்ல முடியாத இடத்தில் லிபர்தேர் கைகொடுத்தது. 1895இல் செபஸ்தியான் ஃபோரும் லூயிஸ் மிஷேலும் அதே பெயரில் இதழ் தொடங்கினார்கள். ஸ்பெயினில் அது தொழிற்சங்கச் சொல்லானது. 1936 மே மாதம் சரகோசா மாநாட்டில் சிஎன்டி தொழிற்சங்கம் தன் இலக்காக அறிவித்தது ‘கொமுனிஸ்மோ லிபர்தாரியோ’வை, அதாவது லிபர்டேரியன் கம்யூனிசத்தை. இன்றைக்கும் பார்சிலோனாவில் இந்தச் சொல்லைக் கேட்டால் முதலாளிக்கும் எதிரானவர் என்றே பொருள்.

அமெரிக்காவில் கதை திரும்பியது. அதிபர் ரூஸ்வெல்ட் காலத்துக்குப் பிறகு, லிபரல் என்றால் அரசு நலத்திட்டங்களை ஆதரிப்பவர் என்றாகிவிட்டது. சந்தைச் சுதந்திரம் பேசியவர்கள் பெயரிழந்து நின்றார்கள். 1955இல் டீன் ரஸல் என்பவர், லிபர்டேரியன் என்ற நல்ல சொல்லை நாமே வணிக முத்திரைபோல உரிமையாக்கிக்கொள்வோம் என்று எழுதினார். பொருளாதார அறிஞர் ஹயேக்குக்கு அது பிடிக்கவில்லை. செயற்கையாக ஒலிக்கிறது என்பது அவர் குறை. ஆனால் நியூயார்க்கின் பொருளாதார அறிஞர் மரே ராத்பார்டுக்கு அத்தகைய கூச்சம் எதுவும் இல்லை. எதிரணியிடமிருந்து ஒரு முக்கியமான சொல்லைப் பிடுங்கிக்கொண்டோம் என்று பிற்பாடு பெருமையோடு எழுதினார். அனார்க்கிஸ்ட் என்ற பெயரைச் சூட்டிக்கொள்வதா என்று அவரும் ஒரு காலத்தில் தயங்கி, ‘நானார்க்கிஸ்ட்’ என்று புதுச்சொல் ஒன்றை முயன்று பார்த்தார். அது எடுபடவில்லை.

தகராறை யார் தீர்ப்பது என்பதில் தெஜாக் விட்டுப்போன ஓட்டையை அடைக்கத்தான் ராத்பார்ட் அதிகம் உழைத்தார். 1973இல் வந்த ‘ஃபார் எ நியூ லிபர்ட்டி’யில் சாலை, காவல், நீதிமன்றம் எல்லாமே தனியார் வசம். எனக்கும் அண்டை வீட்டுக்காரருக்கும் வழக்கு வந்தால் அவரவர் நம்பும் நீதிமன்றத்துக்குப் போவோம். தீர்ப்புகள் முரண்பட்டால் மேல்முறையீடு. இரண்டு நீதிமன்றங்கள் ஒத்துச் சொன்னால் அதுவே முடிவு. காவலுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் பொறுப்பேற்கலாம். அரசில்லாத சமூகத்தை இவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் போட்டுக் காட்டியவர்கள் குறைவு. வரி என்பது திருட்டு, கட்டாய ராணுவச் சேவை என்பது அடிமைத்தனம் என்ற அவர் வாதத்தை லேசாகத் தள்ளிவிடவும் முடியாது. வியட்நாம் போரை அவர் எதிர்த்ததும் அதே தர்க்கத்தால்தான்.

ஆனால் அந்தக் கட்டடம் முழுவதும் நிற்பது சொத்துரிமை என்ற அடித்தளத்தின்மேல். தெஜாக் முதலில் இடிக்க நினைத்தது அதைத்தான். தன் நிலத்தில் உரிமையாளர் போடும் விதி ராத்பார்டுக்கு ஆட்சி அல்ல, ஒப்பந்தம். ஊர் முழுக்க ஒருவருக்கே சொந்தமாக இருந்தால் குடியிருப்பவன் அதை எப்படி உணர்வான் என்ற கேள்வியை அவர் போதிய அளவு எதிர்கொள்ளவில்லை என்பது என் எண்ணம். புரூதோனைப் பார்த்துத் தெஜாக் கேட்டதை ராத்பார்டையும் பார்த்துக் கேட்கலாம். வாசலுக்கு வெளியே இருக்கும் எஜமானனைத் துரத்திவிட்டீர், உள்ளே இருப்பவனை என்ன செய்தீர்?

இந்தியாவுக்குள் இந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர்களில் ஒரு சென்னைக்காரர் உண்டு. 1887இல் பிறந்த எம்.பி.டி. ஆச்சார்யா, பாரதி ஆசிரியராக இருந்த ‘இந்தியா’ இதழின் வெளியீட்டில் பங்கெடுத்தவர். 1920இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். மாஸ்கோவின் அதிகாரம் பிடிக்காமல் விலகி, பெர்லினில் அனார்க்கிஸ்டாகி, 1935இல் பம்பாய் திரும்பினார். லோட்வாலா என்ற செல்வர் ஆதரவில் நடந்த சமூகவியல் நிறுவனம் ஒன்று, ஆச்சார்யாவின் செல்வாக்கால் ‘லிபர்டேரியன் சோஷலிஸ்ட் இன்ஸ்டிட்யூட்’ எனப் பெயர் மாறியது. அதில் லிபர்டேரியன் என்பது தெஜாக்கின் பொருளில். ஆச்சார்யா 1954இல் இறந்தார். அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் அதே பம்பாயில், அதே லோட்வாலா குடும்பத்தின் முயற்சியில் ‘தி இந்தியன் லிபர்டேரியன்’ இதழ் வந்துகொண்டிருந்தது. கட்டற்ற பொருளாதாரம், வரம்புக்குட்பட்ட அரசு என்பது அதன் கொள்கை. முதலாளியைப் பற்றி அதற்கு எந்தப் புகாரும் இல்லை.