தண்ணீரில் தேய்ந்த மணிகள்

சிம்மக்கல் பேச்சியம்மன் படித்துறையில் நின்றால் வைகை கிழக்கே போவது தெரியும். தண்ணீர் ஓடுகிற நாட்கள் குறைவு. ஆற்றின் போக்கிலேயே 12, 13 கிலோமீட்டர் போனால், சிலைமானுக்கு அப்பால் தென்கரைப் பக்கம் கீழடி. இந்தியத் தொல்லியல் துறை 2014-15இல் தோண்டத் தொடங்கி, 2018 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை தொடர்கிற இடம். 2023 மார்ச்சில் அங்கே அருங்காட்சியகமும் திறந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மதுரையிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்க்கிறோம்.

பானை ஓட்டில் கீறிய எழுத்துகள், செங்கல் கட்டுமானம், உறைகிணறு. கூட்டம் நிற்பது இவற்றின் முன்னால்தான். மணிகள் இருக்கும் கண்ணாடிப் பெட்டியை "அழகா இருக்குல்ல" என்று சொல்லிக்கொண்டே கடந்துவிடுகிறோம். சூதுபவளம், அகேட், கண்ணாடி, சுடுமண் என்று பலவகை மணிகள் கீழடியில் கிடைத்திருக்கின்றன. சூதுபவளம் மதுரைப் பக்கம் விளைகிற கல் இல்லை, அதனால் வணிகத்துக்குச் சான்றாக அதைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. எனக்கு இருப்பது வேறு கேள்வி. இத்தனை காலம் மண்ணுக்குள் கிடந்தும் வெளிச்சம் பட்டால் மின்னுகிறதே, அந்த மினுக்கத்தை ஏற்றியது யார்? எதை வைத்துத் தேய்த்தார்கள்? எவ்வளவு நேரம் தேய்த்தார்கள்?

மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சியில் இதே மதுரையின் கடைத்தெருவைப் பற்றிய இடம் ஒன்று உண்டு. சங்கை அறுத்து வளையல் கடைகிறவர்கள், மணியில் துளையிடுகிறவர்கள், பொன்னில் நகை செய்கிறவர்கள் என்று தொழில் தொழிலாக வரிசை போகும். மணியில் துளையிடுகிறவர்களுக்குக் 'குயினர்' என்று தனிப்பெயரே இருக்கிறது. அந்த வரிசையில் மணியைத் தேய்த்து மெருகேற்றுகிறவர்களுக்கு என்று பெயர் எதுவும் இல்லை. துளைத்தவரே தேய்த்தும் இருக்கலாம். வீட்டுப் பெண்களோ பிள்ளைகளோ தேய்த்திருக்கலாம். எப்படியானாலும் பெயர் பெற்றது துளை போட்ட கை.

இதில் ஒரு வேடிக்கை. துளை போட்டவரின் வேலையை இன்றைக்கும் படிக்க முடிகிறது. லியோனார்ட் கோரெலிக், ஜான் க்வின்னெட் என்று இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், இருவரும் பல் மருத்துவத் துறைக்காரர்கள். பல்லுக்கு அச்செடுக்கும் சிலிக்கோனைப் பழைய மணிகளின் துளைக்குள் செலுத்தி, அது இறுகியதும் உருவி எடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். துளையின் உட்சுவரில் இருந்த வரிகள் அப்படியே அச்சில் விழுந்திருந்தன. எந்தத் துரப்பணம், நுனியில் என்ன இருந்தது என்பதெல்லாம் அந்த வரிகளிலிருந்து தெரியவந்தது. நுனியில் வைரச் சில்லு பதித்த துரப்பணத்தை இந்தியக் கைவினைஞர்கள் வெகு காலம் முன்பே பயன்படுத்தினார்கள் என்பதற்கு இது வலுவான சான்றானது.

மெருகு போட்டவருக்கு இந்த வாய்ப்பே கிடையாது. முந்தைய கீறலை அழிப்பதுதான் அவர் வேலை. எவ்வளவு நன்றாகச் செய்கிறாரோ அவ்வளவுக்குத் தன் தடயத்தைத் தானே துடைத்துவிடுகிறார்.

கீறலை எப்படி அழிப்பது? இன்னொரு கீறலால்தான். இது புதிர் இல்லை, கணக்கு. சொரசொரப்பான பரப்பில் விழும் ஒளி நாலாபக்கமும் சிதறுவதால் கல் மங்கித் தெரிகிறது. பெரிய கீறல்களைச் சற்றுச் சிறிய கீறல்களால் அழிக்க வேண்டும், அவற்றை இன்னும் சிறியவற்றால். இன்றைய உப்புத்தாள் கணக்கில் சொன்னால் 400 நம்பர் தாளில் இருக்கும் துகள் சுமார் 35 மைக்ரான், 1000இல் 18, 2000இல் 10. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான்தான். கீறல்கள் அந்த அளவை நெருங்க நெருங்க ஒளி சிதறாமல் திரும்புகிறது, கல் மின்னத் தொடங்குகிறது. ஆகவே உப்புத்தாளோடு வேலை முடியாது. அதற்கு மேல் மிக நுண்ணிய தூளோ, தோலோ, துணியோ வேண்டும். நடுவில் ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் பெரிய கீறல் அடியில் அப்படியே உட்கார்ந்திருக்கும். எத்தனை நேரம் தேய்த்தாலும் போகாது, முந்தைய நம்பருக்கே திரும்ப வேண்டியதுதான்.

சூதுபவளமும் அகேட்டும் மோஸ் அளவுகோலில் 7ஐ ஒட்டிய கடினம் உள்ளவை. இரும்புக் கத்தி அவற்றில் கீறல் போடாது. அவற்றைத் தேய்க்க அதைவிடக் கடினமான ஒன்று தேவை. 9 கடினமுள்ள கனிமத்துக்கு ஆங்கிலத்தில் கொரண்டம் என்று பெயர். அந்தப் பெயர் அவர்களுக்குப் போனது தமிழின் 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்து. மாணிக்கமும் நீலக்கல்லும் இதே கனிமத்தின் நிறமேறிய வகைகள். மட்டமான குருந்தத்தை இடித்துப் பொடியாக்கி, அரக்கில் குழைத்துச் சாணைச் சக்கரம் செய்வது நம் நாட்டில் பழைய வழக்கம். உலகம் முழுக்கத் தேய்ப்புப் பொருளாகப் பயன்படுகிற ஒரு கனிமத்துக்குத் தமிழ்ப் பெயர் ஒட்டிக்கொண்டது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

குருந்தம் கிடைக்கிற காங்கேயம் வட்டாரத்திலிருந்து தூரமில்லாத இடத்தில், நொய்யலின் வடகரையில் இருக்கிறது கொடுமணல். பதிற்றுப்பத்தில் அணிகலன்களுக்குப் பேர்போன ஊராக வரும் கொடுமணம் இதுதான் என்பது ஆய்வாளர்கள் முடிவு. 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே அகழ்ந்தது, பின்னால் மற்றவர்களும் அகழ்ந்தார்கள். கீழடியில் மணிகளைப் பார்க்கலாம் என்றால், கொடுமணலில் மணி செய்த பட்டறையையே பார்க்கலாம். மூலக்கல், சிதறிய சில்லுகள், பாதி வடிவம் வந்தவை, மெருகேறியவை, ஏறாதவை, துளையிட்டவை, இடாதவை என்று எல்லாப் படிநிலைகளும் கிடைத்தன. அருகே படியூரில் பச்சைநிறப் பெரில் கல் வெட்டினார்கள். முதல் நூற்றாண்டு ரோமானியரான பிளினி, இந்தியர்கள் பெரிலை ஆறு பட்டையாகத் தீட்டுவார்கள் என்றும், பட்டை இல்லாவிட்டால் அதன் நிறம் மங்கித் தெரியும் என்றும் எழுதி வைத்திருக்கிறார். கல்லைப் போல மெருகுக்கும் ரோமில் விலை இருந்திருக்கிறது.

கொடுமணலில் ஒரே ஈமச்சின்னத்துக்குள் 2,000க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் இருந்தன. ஒரு மணிக்கு ஒரு மணி நேரம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம் (தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்). நாளுக்கு 8 மணி நேரம் உட்கார்ந்தாலும் ஒருவருக்கு 250 நாள். இறந்தவர் ஒருவருக்காக இன்னொருவரின் வாழ்நாளில் முக்கால் வருஷம் குழிக்குள் போயிருக்கிறது.

ஒவ்வொன்றாகத் தேய்த்திருக்க வேண்டும் என்றும் இல்லை. சூதுபவளத்தின் பெரிய ஊற்று குஜராத். அங்கே காம்பாத் நகரத்தில் இந்தத் தொழில் இன்றும் நடக்கிறது. 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர்கள் அங்கே பார்த்ததைப் பதிந்திருக்கிறார்கள். சுமார் இரண்டு அடி நீளமுள்ள தடித்த தோல்பை. அதற்குள் மணிகளையும் தேய்ப்புத் தூளையும், துளையிடும்போது உதிர்ந்த கல்மாவையும் போட்டு, வாயைக் கட்டி, நடுவில் ஒரு தோல்வாரைச் சுற்றுவார்கள். அறையின் இந்தக் கோடியில் ஒருவர், அந்தக் கோடியில் ஒருவர். பையை இழுப்பதும் உருட்டி அனுப்புவதுமாக 10 முதல் 15 நாள். பை காயாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மணியோடு மணி உரசி, தூளோடு தூள் உரசி, கடைசியில் பளபளப்பாக வெளியே வரும். தோல் மண்ணுக்குள் நிற்காது, அதனால் கொடுமணலிலும் இதையே செய்தார்கள் என்று சாதிக்க முடியாது. ஆனால் ஆயிரக்கணக்கில் மணி செய்யும் எந்த ஊரும் இப்படி ஒரு மொத்த வேலை முறையைத் தேடியிருக்கும் என்று நினைக்கிறேன்.

எல்லா மணியும் தேய்ப்பைக் கேட்பதில்லை. கண்ணாடி மணிக்கு நெருப்பே மெருகு. குழாயாக இழுத்த கண்ணாடியைத் துண்டு துண்டாக வெட்டி, சாம்பலோடு சேர்த்துச் சூடேற்றிக் கிளறினால் வெட்டிய விளிம்பு இளகி உருண்டுவிடும். அரிக்கமேட்டு மணிகளை ஆராய்ந்த பீட்டர் ஃபிரான்சிஸ், ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் இந்த முறை உயிரோடு இருப்பதைப் பதிந்தார். சுடுமண்ணுக்கு மெருகு சுடுவதற்கு முன்பே. பாதி காய்ந்த களிமண்ணைக் கூழாங்கல்லால் வழவழவென்று தேய்த்தால் மேல்துகள்கள் படிந்து ஒரே திசையில் படுத்துவிடும். சூடு அளவோடு இருந்தால் அந்தப் பளபளப்பு தங்கும். கீழடியின் கருப்பு-சிவப்புப் பானைகள் மின்னுவதும் இப்படித்தான். கல்லுக்கு மட்டும் குறுக்கு வழி கிடையாது.

தேய்க்கும்போது கல்லிலிருந்து போனது எங்கே போகிறது? அகேட், சூதுபவளம் எல்லாமே சிலிக்கா. மின்மோட்டார் வந்த பிறகு காம்பாத்தில் மணி தேய்ப்பு வீட்டுத் திண்ணையில் சுழலும் சக்கரத்துக்கு மாறியது. உலர்ந்த சக்கரம். கல்மாவு காற்றில் பறக்கும், மூச்சோடு நுரையீரலுக்குள் போய் அங்கேயே தங்கும். அந்த நோய்க்குப் பெயர் சிலிக்கோசிஸ். குணமாக்க மருந்து இல்லை, காசநோயையும் கூட்டிக்கொண்டு வரும். அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் உடல்நல நிறுவனம் 1980களிலிருந்தே காம்பாத் தொழிலாளர்களை ஆராய்ந்து இதை எழுதியிருக்கிறது. சக்கரத்தில் உட்காராத, பக்கத்தில் குடியிருந்த சனங்களுக்கும் அது வந்தது. தூளை உறிஞ்சும் கருவியையும் அந்த நிறுவனமே வடிவமைத்தது. கல்லில் தடயம் வைக்காத வேலை ஆளின் நெஞ்சில் தடயம் வைத்துவிட்டது.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்கத் தொடங்கியது எங்கள் தெரு அக்கா ஒருவரால். பாலிமர் களிமண்ணில் மணி, தோடு, மாலை செய்து விற்கிறார். பெயர்தான் களிமண், உள்ளே இருப்பது பிவிசி தூளும் அதை மெதுவாக வைத்திருக்கும் ஒரு திரவமும். 1930களின் கடைசியில் ஜெர்மனியில் பொம்மை செய்யும் கேத்தே க்ரூஸ் குடும்பத்தின் கைக்கு வந்து, 1960களில் எபர்ஹார்ட் ஃபேபர் நிறுவனம் ஃபீமோ என்று சந்தைக்குக் கொண்டுவந்த சரக்கு. சூளை வேண்டாம். வீட்டு ஓவனில் 110 முதல் 135 டிகிரி வரை, கம்பெனி சொல்கிற சூட்டில் வைத்தால் இறுகிவிடும். வெளியே எடுத்த மணியில் விரல் ரேகை, தூசி, மேடு பள்ளம் எல்லாம் இருக்கும். அப்புறம் ஆரம்பிக்கிறது தேய்ப்பு.

"உருட்டுறது அரை மணி நேரம்டா தம்பி, தேய்க்கிறதுதான் ராத்திரி பூரா" என்றார். 400, 600, 800, 1000, 2000 என்று வரிசை. கடைசியில் பழைய ஜீன்ஸ் துணி. "வாங்க வர்றவங்க டிசைனைப் பாத்துத்தான் விலை கேப்பாங்க. தேய்ச்சதுக்கு யாரு குடுப்பா?" மதுரைக்காஞ்சியில் எனக்குத் தெரிந்த அதே வெற்றிடத்தை இரண்டாயிரம் வருஷம் கழித்து அக்கா தன் கணக்கு நோட்டில் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரிடம் ஒன்றே ஒன்று கவனித்தேன். மடியில் துணி, முன்னால் ஒரு கிண்ணம் தண்ணீர், சொட்டு சோப்பு. வாட்டர் பேப்பரை முக்கி முக்கித்தான் தேய்க்கிறார். தாள் அடைத்துக்கொள்ளாது, மணி சூடேறி இளகாது, தூள் பறக்காது. பாலிமர் தூள் சிலிக்கா இல்லைதான். அதற்காக மூச்சில் இழுக்கவேண்டிய பொருளும் இல்லை. கிண்ணத்துத் தண்ணீரையும் அப்படியே சிங்க்கில் கொட்டாமல், தெளிய விட்டு, அடியில் தங்கிய மாவைத் துணியில் வடித்துக் குப்பையில் போடுகிறார். இல்லாவிட்டால் நுண்பிளாஸ்டிக்காக வைகைக்குத்தான் போய்ச்சேரும். இயந்திரத்தை எடுத்து உலர்வாகத் தேய்க்கலாம் என்று நினைக்கும் புதியவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: ஈரத்தை விடாதீர்கள், முகமூடி இல்லாமல் உட்காராதீர்கள். தேய்த்த நேரத்தையும் எழுதி வைத்து விலையில் சேருங்கள்.

பழந்தமிழில் 'மண்ணுதல்' என்று ஒரு வினை உண்டு. கழுவுதல், நீராட்டுதல் என்று பொருள். மணியை மாசு நீக்குவதற்கும் அதே சொல். பேகன் பிரிந்துபோன மனைவிக்காகப் புலவர்கள் அவனிடம் பரிந்து பேசும் புறநானூற்றுப் பாடல்களில் ஒன்று, எண்ணெய் காணாத அவள் கூந்தல் கழுவிய மணிபோல ஆகவேண்டும் என்கிறது. மணியைத் துலக்குவதும் தலைக்குக் குளிப்பதும் அந்தப் புலவருக்கு ஒரே வேலை, இரண்டும் தண்ணீரில் நடப்பவை. மெருகேற்றியவருக்குப் பெயர் வைக்க மறந்த மொழி, அவர் வேலைக்கு மட்டும் சரியான சொல்லை வைத்திருக்கிறது. அடுத்த முறை கீழடியில் அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால் நிற்கும்போது, துளையை விட்டுவிட்டு மேற்பரப்பை ஒரு நிமிஷம் பாருங்கள். அங்கே எதுவும் தெரியாது. தெரியாமல் போகும்வரை ஒருவர் தேய்த்திருக்கிறார்.